எழுபத்தைந்து கிராம் சம்பந்தம்

1. வராந்தாவில் வந்த போன்

“அம்மா, எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டாமே. வாழ்த்து சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ஷீபா இப்படித்தான் பேச்சைத் தொடங்கினாள். நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நின்று, அன்று காலை எடுத்த ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். யார் சொன்னது என்று கேட்டேன்.

“சர்ச் வாட்ஸ்அப் குரூப்ல ஓடுது. நீங்க உங்க கையால இனிப்பு குடுத்தியளாம். மாப்பிள்ளையோட அம்மா ஜெபம் பண்ணிட்டுக் குடிச்சாங்களாம். அவங்க தம்பியும் குடிச்சாராம். பிறகென்ன, முடிஞ்சிதுல்லா.”

நான் கொடுத்தது குளுக்கோஸ் தண்ணீர். ஆராய்ச்சிக்காக, அளந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“லைன்ல இருக்கியளா? ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கதுக்கு நாலு பக்கம் கையெழுத்து வாங்குதிய. எனக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாதா?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன். இருபத்தாறு வயது மகள் நிதானமாகக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். இதயநோய் ஆராய்ச்சி செய்கிற நான் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

களப்பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஊசி குத்தவும், இடுப்பளவு எடுக்கவும், இ.சி.ஜி. வயர் ஒட்டவும் மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். டம்ளரைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

2. அட்டையும் நாங்களும்

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவில் நான் டாக்டர். மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், எப்போது தூங்குகிறார்கள், அதனால் உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் விதம் எப்படி மாறுகிறது, அந்த மாற்றம் கடைசியில் இதயத்தை எப்படிப் போய்ப் பிடிக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்காகத் தாமிரபரணிக் கரை ஊர்களில் வீடு வீடாகப் போகிறோம். வயலை விட்டுக் கடையில் உட்கார்ந்தவர்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்று டி.வி. முன்னால் உட்கார்ந்தவர்கள், மாஞ்சோலை மலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து மேடு பள்ளம் இல்லாத தெருவில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தவர்கள் என எல்லோரும் எங்களுக்கு வேண்டியவர்கள்.

மாஞ்சோலையில் கொழுந்து பறித்த ஒரு அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான் பேசுவாள். “மேல இருக்கையில அட்டை ரத்தம் குடிச்சிது. அதுவாவது வயிறு நெறைஞ்சா தானா விழுந்துரும். நீங்க விட மாட்டேங்கியளே.” சொல்லிக்கொண்டே கையையும் நீட்டிவிடுவாள்.

எங்கள் பரிசோதனைகளில் முக்கியமானது குளுக்கோஸ் டெஸ்ட். வெறும் வயிற்றோடு வர வேண்டும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்போம். அது மிதமாக இருந்தால் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டு, எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்போம். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். வெறும் வயிற்று ரத்தம் பெரும்பாலும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். இனிப்பு உள்ளே போன பிறகுதான் உண்மையான குணம் தெரியும்.

அந்த இரண்டு மணி நேரம் நடக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, பீடி பிடிக்கக் கூடாது. பேசலாம். இதுதான் ஆபத்து. பசியோடு இருக்கிற முப்பது பேரை ஒரே வராந்தாவில் உட்கார வைத்துப் பேசவும் அனுமதித்தால் என்ன நடக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. எங்கள் நர்ஸ் பேச்சியம்மாள் சொல்லுவாள், ஊரில் பாதிச் சண்டை இங்கே தீர்கிறது, மீதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது என்று.

3. கை நனைக்காத வீடு

ஷீபாவுக்கு அந்த வரன் வந்தது அந்தப் பள்ளிக்கூட முகாமுக்கு ஒரு மாதம் முன்னால். பையன் பெயர் சாம், கோயம்புத்தூரில் இன்ஜினியர். அம்மா செல்வராணி அம்பாசமுத்திரத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், கணவர் காலமாகிவிட்டார். டீச்சரின் தம்பி ஞானதுரை அண்ணாச்சி அரிசி வியாபாரம், அதே வீட்டு மாடியில் குடியிருக்கிறார். ஷீபா படத்தைப் பார்த்தாள், ஒருமுறை போனில் பேசினாள். “மோசமில்ல. ஆனா நான் சரின்னு சொல்லல. சொல்லும்போது நானே சொல்லுவேன்” என்றாள். நான் தலையாட்டினேன். என் கணவரும் தலையாட்டினார்.

வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாங்கள் இருவரும் போனோம். அண்ணாச்சியே காரை அனுப்பி, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து அழைத்துப் போனார். போனதும் மேசை நிறைய அல்வா, முறுக்கு, வாழைப்பழம், நுரை தளும்பக் காப்பி.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இனிப்பென்றால் கேட்கவே வேண்டாம். காப்பி, தண்ணீர் எல்லாம் இதில் சேருமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு உண்டு. என் கணவர் பாங்க்கில் இருந்தவர், எதிலும் கடுமையான பக்கம்தான் நிற்பார். தண்ணீரும் சேரும் என்று வழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே நாக்கு ஒட்ட உட்கார்ந்திருந்தோம்.

“ஒரு மடக்கு தண்ணியாவது குடிக்கலாம்லா” என்று டீச்சர் கேட்டார்.

“முடிவானதும் வயிறாரச் சாப்பிடுவோம் டீச்சர்” என்றார் என் கணவர், அல்வாவைப் பார்க்காமல்.

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்க வேண்டியவள் நான். அடுத்தவர் முகத்தைப் பார்த்தே ரத்த அழுத்தம் சொல்லிவிடுவேன் என்று பேர் வாங்கியவள். கவனிக்கவில்லை.

4. முகாம்

எந்த வீடு எங்கள் ஆராய்ச்சியில் சேரும் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எங்களுக்கு வருவது கதவு எண்ணும், வரி ரசீதில் உள்ள பெயரும். டீச்சர் வீடு இன்னும் மறைந்த கணவர் பெயரில் இருந்தது. அதனால் அன்று காலை வராந்தாப் படியில் டீச்சரும் அண்ணாச்சியும் ஏறி வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இது குலுக்கலில் விழுந்தது என்று நான் சொன்னதை அண்ணாச்சி நம்பவில்லை. கண்ணைச் சிமிட்டி, “விழட்டும் விழட்டும்” என்றார்.

வேண்டியவர்கள் வந்தால் நாங்கள் விலகி நிற்க வேண்டும், வேறு ஆள் கவனிக்க வேண்டும். அது விதி. நானும் பேச்சியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு மறுகோடியில் போய் நின்றேன். அவள் கையெழுத்து வாங்கினாள். டீச்சர் நாலு பக்கத்தையும் கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். அண்ணாச்சிக்கு இடுப்பளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு முகம் சிவந்து நின்றார். “மூச்ச விடுங்க அண்ணாச்சி, யாரும் உங்களைப் பொண்ணு பாக்க வரல” என்று பேச்சியம்மாள் சொன்னது எனக்குக் கேட்டது. வராந்தா முழுக்கச் சிரித்தது.

இருவருக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. குளுக்கோஸ் கலக்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து, வரிசையில் நின்ற ஒரு ஆட்டோக்காரர் பக்கத்து ஆளின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மயங்கிச் சரிந்தார். பேச்சியம்மாள் டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். கலக்கி வைத்தது காத்திருக்கிறது. நேரம் தவறினால் டெஸ்ட் வீண். நான் போய் டம்ளரை எடுத்து டீச்சரிடம் நீட்டினேன்.

அவர் உடனே வாங்கவில்லை. டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதுல என்ன இருக்கு?”

“இனிப்புத் தண்ணிதான் டீச்சர்.”

“நீங்களே உங்க கையாலயா குடுக்கிய?”

“ஆமா. குடிங்க. ஒரு சொட்டு மீதி வைக்கக் கூடாது.”

அவர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் செய்தார். பிறகு டம்ளரை இரு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். என்ன ஒரு பக்தி, என்ன ஒரு ஒத்துழைப்பு என்று நான் பூரித்துப் போனேன். மற்றவர்கள் எல்லாம் பாதியில் குமட்டுகிறது என்று வைத்துவிடுவார்கள். அண்ணாச்சிக்கும் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்து, “ரொம்ப சந்தோசம்” என்றார்.

அடுத்த இரண்டு மணி நேரம் அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நடக்கக் கூடாது என்று சொன்னதை அப்படியே கடைப்பிடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் முழுக்கச் சொல்லி முடித்தார். வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து “நல்லா இருக்கட்டும்” என்றார்கள். முகாமைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் நன்றி சொன்னேன். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஷீபாவின் போன் வரும்வரை.

5. இரண்டு செய்தியும் ஒரு வாசலும்

மறுத்துச் செய்தி அனுப்பிவிடலாம் என்றார் என் கணவர். வாட்ஸ்அப்பில் மறுத்தால், பெண் வீட்டார் இனிப்பைக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினார்கள் என்றுதான் ஊர் பேசும். அந்தப் பேச்சு டீச்சரையும் அடிக்கும், ஷீபாவையும் அடிக்கும். நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். அதற்குள் இன்னொன்று வந்து சேர்ந்தது. டீச்சரின் ரத்த முடிவு. வெறும் வயிற்றில் ஒழுங்காக இருந்த சர்க்கரை, இரண்டு மணி நேரம் கழித்து நன்றாக எகிறியிருந்தது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சர்க்கரை பற்றி முதலில் சொன்னால், அந்தக் காரணத்துக்காகத்தான் சம்பந்தத்தை மறுக்கிறேன் என்று ஆகும். சம்பந்தம் பற்றி முதலில் சொன்னால், அவமானத்தில் வீட்டு வாசலை அடைத்துவிடுவார், சர்க்கரையைக் காது கொடுத்துக் கேட்க மாட்டார். அண்ணனையும் அப்பாவையும் மாரடைப்பில் இழந்தவர் என்று அவருடைய படிவத்தைப் பார்த்தபோது தெரிந்தது. சிகிச்சைக்கு வராமல் விட்டால் நாளைக்கு அவருக்கும் அதே கதைதான். வீட்டில் கணவரிடம்கூட இதைச் சொல்ல முடியாது. ஆய்வில் சேர்ந்தவரின் முடிவு அவருக்கு மட்டும்தான்.

வண்டியில் போகும்போது, ஒரு வீட்டில் இரண்டு கெட்ட செய்தி இருந்தால் எதை முதலில் சொல்லலாம் என்று பொதுவாகப் பேச்சியம்மாளிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “எதைச் சொன்னாலும் செருப்பக் கழத்தாம வாசல்ல நின்னு சொல்லுங்க. ஓடதுக்கு வசதி.” அவளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

மேசையில் அதே அல்வா, அதே முறுக்கு. அண்ணாச்சி காலண்டரை மடியில் விரித்து வைத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

“டீச்சர், அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல கடைசிப் பக்கம் ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்லாம? ‘முழு விருப்பத்தோடு கலந்துகொள்கிறேன், எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகிக்கலாம்.’ வாசிக்காமப் போடுதவளா நானு?”

“என் மக இன்னும் கையெழுத்துப் போடல டீச்சர். அவகிட்ட நான் கேக்கவே இல்ல.”

அண்ணாச்சியின் விரல் காலண்டரில் ஒரு தேதியின் மேல் நின்றது. “அப்பம் நாங்க குடிச்சது?”

“குளுக்கோஸ் அண்ணாச்சி. எழுபத்தஞ்சு கிராம்.”

“சம்பந்தத்த யாரும் அளந்து குடுத்து நான் பாத்ததில்ல” என்று முணுமுணுத்தார்.

டீச்சர் அல்வாத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அன்றைக்குப் பார்த்த அதே சிரிப்பு வந்தது. இந்த முறை கவனித்தேன்.

“அது டெஸ்டுன்னு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. எங்க வீட்டுக்கு வந்து ஒரு மடக்கு தண்ணி குடிக்காமப் போனிய. அது எனக்கு உறுத்திக்கிட்டே கெடந்துது. நீங்களே வந்து இனிப்ப நீட்டவும், ஆகட்டும்னு குடிச்சேன். இவன் இப்படித் தமுக்கடிப்பான்னு நினைக்கல.” தம்பியை முறைத்தார். பிறகு குரல் தணிந்தது. “மூணு இடம் தட்டிப் போயிருக்கு. பெத்தவளுக்கு ஆசை இருக்கும்லா. ஜெபம் மட்டும் விளையாட்டுக்குப் பண்ணல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்த முடிவு இருந்த கவரைப் பையிலிருந்து பாதி எடுத்து, மறுபடி உள்ளே தள்ளினேன். அவரே பார்த்துவிட்டார்.

“அடுத்ததையும் சொல்லுங்க. தம்பி, நீ மாடிக்குப் போ.”

அண்ணாச்சி பாதிப் படியில் நின்றுகொண்டார். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் மீதிப் படியும் ஏறினார். நான் முடிவைச் சொன்னேன். இதயம், சிறுநீரகம், கண் எல்லாம் இப்போதே கவனித்தால் காப்பாற்றலாம் என்றேன். சாப்பாடு, நடை, தேவைப்பட்டால் மாத்திரை என்றேன். வகுப்பில் மக்குப் பையன் ஒப்பிப்பதைக் கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத முதல்ல சொல்லியிருந்தியன்னா, சுகர் உள்ள வீடுன்னு பொண்ணத் தர மாட்டேங்கியன்னு நினைச்சிருப்பேன்.”

“அதுக்குத்தான் பயந்தேன் டீச்சர்.”

“சொல்லல. அதனால நம்புதேன்.”

எதற்கும் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றேன்.

“மறுபடியும் அந்த டம்ளரா? இன்னொரு தடவை குடிச்சா கல்யாணமே முடிஞ்சிரும்லா.”

இந்த முறை நான் கொடுக்க மாட்டேன், பேச்சியம்மாள் கொடுப்பாள் என்றேன்.

“அவளுக்குக் கல்யாண வயசுல பிள்ளை உண்டா? முதல்லயே சொல்லிருங்க.”

அப்புறம் எழுந்து உள்ளே போய் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சீனி போடல. எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. சீனி இல்லாத காப்பிக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஊருக்கு நான் சொல்லிக்கிடுதேன், குடிங்க.”

குடித்தேன். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இதக் குடிக்கச் சொல்லித்தான் ஊர் ஊராப் போறியளாக்கும்” என்றார். ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அன்று மாலை அண்ணாச்சி தன் கையாலேயே குரூப்பில் திருத்தம் போட்டார், அது நிச்சயம் இல்லை, டெஸ்ட் என்று. கீழே யாரோ கேட்டிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பாஸா பெயிலா என்று.

6. இப்போதைய விதி

எங்கள் முகாமில் இப்போது குளுக்கோஸ் டம்ளரை யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. மேசையில் இருக்கும், அவரவர் எடுத்துக் குடிக்க வேண்டும். ஏன் இந்த விதி என்று வெளியூரிலிருந்து வந்த ஒரு அதிகாரி கேட்டார். தொற்றுத் தடுப்பு என்று பேச்சியம்மாள் சொல்லிச் சமாளித்தாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் பாடம் இதுதான். நமக்கு அது எழுபத்தைந்து கிராம் சர்க்கரை. எதிரில் இருப்பவருக்கு அது ஒரு கை நீட்டிய இனிப்பு. எந்தக் கை, யாரிடம் நீட்டுகிறது என்று அவர் பார்ப்பார், நாமும் பார்க்க வேண்டும். சம்மதம் என்பதைத் தாளில் வாங்கிப் பழகிவிட்டதால், தாளுக்கு வெளியேயும் அது தேவைப்படும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டில் அதைவிட வேகமாக மறக்கிறோம்.

இதை எழுத டீச்சரிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றிவிடவா என்றதற்கு, “மாத்தினா நான்தான்னு எப்படித் தெரியும்?” என்றார். சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. தினமும் காலையில் ஆற்றுப் பாலம்வரை நடக்கிறார். பின்னாலேயே தம்பியையும் நடக்க வைக்கிறார். தண்டனை என்று சொல்லித்தான் கூட்டிப் போகிறாராம்.

ஷீபா என்னோடு இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. அந்த இடைவெளியில் சாம் அவளைக் கூப்பிட்டிருக்கிறான், தன் அம்மா குடித்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்ல. அதிலிருந்து பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் படும் பாட்டைப் பரிசோதிக்க இன்னும் கருவி வரவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவள், அந்த வீட்டுக்குத் தானே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். “நீங்களும் வரலாம். ஆனா யாருக்கும் எதையும் ஊத்திக் குடுக்காதிய” என்றாள். போனோம். சாமும் வந்திருந்தான். மேசையில் வழக்கம் போல அல்வா. எதிரில் ஞானதுரை அண்ணாச்சி. ஷீபா அல்வாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

“எனக்குத் தாகமா இருக்கு ஆன்ட்டி. தண்ணி குடிச்சா ஏதாவது அர்த்தம் இருக்கா?”

“ஆத்துத் தண்ணிக்கு என்ன அர்த்தம் தாயி. தாகத்துக்குக் குடிக்கது. மத்தத நீ சொல்லும்போது கேட்டுக்கிடுதோம்” என்றார் டீச்சர்.

ஷீபா சிரித்துக்கொண்டே செம்பைத் தானே எடுத்து அண்ணாந்து குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை நான் அண்ணாச்சியின் கையில் இருந்த போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.